மிஸ்டர் என்று அழைத்த கேப்டன்

புருஷன் கடலில் விழுந்துவிட்டான் என்று சேதி வந்த ஒன்பதாம் நாள் அந்தப் பெண் எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். வந்ததும் முதல் வேலையாக மின்விசிறியை நிறுத்தினாள். மே மாதம். நாகர்கோவிலில் காலை பத்து மணிக்கே துணி முதுகோடு ஒட்டுகிற புழுக்கம். எனக்கு அவளை அந்த நிமிடமே பிடிக்காமல் போயிற்று.

“சத்தம் தெளிவா கேக்கணும்லா. அதான்,” என்றாள்.

பெயர் பெமிலா. ஊர் திருவட்டாறு பக்கம். பள்ளிக்கூட ஆசிரியை. கல்யாணமாகிப் பதினோரு வருஷம். கணவன் சஜின், இந்தோனேசியாவில் பாத்தாம் என்ற தீவில் இழுவைக் கப்பலில் எஞ்சின் வேலை பார்ப்பவன். ஏழு வருஷமாக அங்கேதான். வருஷத்துக்கு ஒரு மாசம் ஊருக்கு வருவான். இதையெல்லாம் அவள் வருகைப் பதிவேடு வாசிப்பதுபோலச் சொன்னாள். கண்ணில் பொட்டு ஈரம் இல்லை.

என்னையும் சொல்லிவிடுகிறேன். நான் பூங்கனி. ‘தாணு துப்பறியும் நிலையம்’ என்கிற இந்த ஒரு அறை சாம்ராஜ்யத்தின் உதவியாளர், கணக்கர், ஸ்கூட்டர் ஓட்டுநர், டீ வாங்கி வருபவர் எல்லாம் நான்தான். முதலாளி தாணுமாலயன், சுசீந்திரத்துக்காரர். பன்னிரண்டு வருஷம் பெங்களூரில் கால் சென்டர் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் உச்சரிப்புச் சொல்லிக் கொடுத்தவர். நடுவில் இரண்டு வருஷம் ஜகார்த்தாவிலும் அதே வேலை. மற்ற துப்பறிவாளர்களிடம் துப்பாக்கி இருக்கும். இவரிடம் காது இருக்கிறது. துப்பாக்கி இருந்தால் வாடகை கேட்டு வருகிற ஆளையாவது மிரட்டலாம் என்று நான் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

பெமிலா ஒரு காகிதத்தை மேஜையில் விரித்தாள். இங்கிலீஷில் இரண்டே வரி. என் கணவர் பணியின்போது கடலில் விழுந்து காணாமல் போனதை ஏற்கிறேன் என்பது முதல் வரி. இனி அவரைத் தேட வேண்டியதில்லை என்பது இரண்டாவது வரி. கீழே கையெழுத்துக்கு இடம்.

“யாரு குடுத்தது?” என்றார் தாணு சார்.

“கேப்டன் மெயில்ல அனுப்பினாரு. திருவட்டாறுல தேவகுமார் அண்ணன் பிரிண்ட் எடுத்துத் தந்தாவ. அவியதான் எங்க வீட்டுக்காரர கப்பலுக்கு அனுப்பின ஏஜென்ட். எங்க சபைக்காரரு. இன்னைக்கு நாலு மணிக்கு அவிய ஆபீஸ்ல கையெழுத்துப் போடணும்.”

“போடலன்னா?”

“தூதரகத்துக்குப் போவும். அந்த நாட்டுப் போலீசு தேடும். வருஷக்கணக்கா இழுக்கும், அலையணும்னு அண்ணன் சொல்லுகாவ. போட்டா இன்னையோட முடியும்.”

“நீங்க கேக்கது என்ன? உங்க வீட்டுக்காரர் எங்க இருக்காருன்னா?”

“இந்தச் சத்தம் யாருக்க சத்தம்னு தெரியணும். அது போதும்.” போனை எடுத்து மேஜையில் வைத்தாள். “ஏழு வாய்ஸ் மெசேஜ். கேப்டன் ஹெண்ட்ரா. நாலு மணிக்கு முன்னால சொல்ல முடியுமா?”

புருஷன் உயிரோடு இருக்கிறானா என்று கேட்காமல், கேப்டன் யார் என்று கேட்கிற பெண்ணை நான் இப்போதுதான் பார்க்கிறேன். இவளும் அந்த ஏஜென்ட்டும் கூட்டா, பின்னால் ஏதும் பிரச்சினை வந்தால் ‘துப்பறியும் ஆளை வைத்துக்கூட விசாரித்தேன்’ என்று காட்டத்தான் எங்களிடம் வந்திருக்கிறாளா என்று என் மண்டைக்குள் ஒரு சந்தேகம் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

முதல் பதிவு ஓடியது. பின்னால் எஞ்சின் இரைச்சல். கரகரத்த, அடித்தொண்டைக் குரல்.

“ஹலோ மிஸ்டர். ஐ ஆம் காப்தென் ஹெண்ட்ரா. யுவர் ஹஸ்பன் பால் இன் த ஸீ. வி பைன், வி பைன். நோ பைன். ஸோரி, யா.”

உங்கள் கணவர் கடலில் விழுந்துவிட்டார், தேடினோம், கிடைக்கவில்லை, மன்னிக்கவும் என்று அதற்கு அர்த்தம். எனக்கு அர்த்தம் புரிவதற்குள் அடுத்தது வந்துவிட்டது. இரண்டாவதில் இன்னும் தேடுகிறோம், ‘இன்ஸா அல்லா’ கிடைப்பார் என்றான். மூன்றில் கிடைக்கவில்லை. நான்கில் காகிதம் அனுப்புகிறேன். ஐந்தில் கையெழுத்துப் போட்டாயா. ஆறாவதில் மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அழாதே, ஜெபம் பண்ணு, அவனுக்காக மணி அடிக்க வேண்டாம், தைரியமாக இரு. ஏழாவது இன்று காலையில் வந்தது. “திஸ் இஸ் கேப்டன். டுடே பிரைடே. டுடே ஸைன், பினிஸ்.” வெள்ளிக்கிழமையான இன்றைக்கே கையெழுத்துப் போட்டு முடி என்கிறான்.

“பொம்பளையப் பாத்து மிஸ்டர்ங்கான். இவன்லாம் கப்பல எந்தப் பக்கம் ஓட்டுவான் சார்?” என்றேன்.

தாணு சார் கையைக் காட்டி என்னை அடக்கினார். கண்ணை மூடிக்கொண்டு முதல் பதிவை மூன்று தடவை கேட்டார்.

“இந்தோனேசியாக்காரங்க இங்கிலீஷ் இப்பிடித்தான் இருக்கும். ஃபால்ங்கதுக்கு பால். ஃபினிஷ்ங்கதுக்கு பினிஸ். சொல்லுக்குக் கடைசில ரெண்டு எழுத்து சேந்து வந்தா ஒண்ண முழுங்கிருவாவ. ஹஸ்பண்ட் ஹஸ்பன் ஆயிரும்.”

“எங்க மாமாவும் பேன், பிரிட்ஜ், காப்பின்னுதான் சொல்லுவாரு. குலசேகரத்தத் தாண்டினது கிடையாது,” என்றேன்.

“உங்க மாமா ஷிப்ப எப்பிடிச் சொல்லுவாரு?”

“ஷிப்புனுதான்.”

“உனக்க தெருவுல ஷீபா எத்தனை பேரு?”

“நாலு. பெரிய ஷீபா, சின்ன ஷீபா, டீச்சர் ஷீபா, வாயாடி ஷீபா.”

“நம்ம ஜில்லால ஷாஜி, ஷீபா, ஷைனி இல்லாத தெரு உண்டா? நம்ம ஆளுக்கு ஷ நாக்குலயே பொறந்தது. கள்ளக் குரல்ல பேசணும்னு ஒருத்தன் உக்காந்தாலும் ஃப-வ மாத்துவான், ஷ-வ மாத்தணும்னு தோணாது. இவன் பினிஸ்ங்கான். ஒண்ணு, அந்த ஊர்க்காரன். இல்லன்னா அந்த ஊரக் கரைச்சுக் குடிச்சவன்.”

பெமிலா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சைப் பிடித்திருந்தாள் என்று எனக்குத் தோன்றியது. ஏன் பிடிக்க வேண்டும்?

“அந்த ஏஜென்ட் இந்தோனேசியா போயிருக்காரா?” என்று அவளிடம் கேட்டார்.

“இல்ல. துபாய்ல ரெண்டு வருஷம் இருந்தாவ. அம்புட்டுதான்.”

தாணு சார் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். அலுவலக லேண்ட்லைனில் தேவகுமாரின் எண்ணைப் போட்டு, மூக்கை லேசாக அடைத்துக்கொண்டு, மும்பை கப்பல் கம்பெனியின் மிஸ் ஷெட்டி ஆனேன். ஸ்பீக்கரில் அந்த ஆளின் இங்கிலீஷ் வந்தது. ஷிப்பிங், வெரி குட், ஃபைன் ஃபைன் என்று ஷவும் ஃபவும் துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி பளபளத்தன. ஞாயிற்றுக்கிழமை இங்கிலீஷ் ஆராதனையில் பைபிள் வாசிக்கிற ஆளாம். தாணு சார் காகிதத்தில் ‘இவன் இல்லை’ என்று எழுதிக் காட்டினார்.

நான் போனை வைக்கப் போகும்போது அவனாகவே தொடர்ந்தான். சஜின் விஷயமாகத்தானே பேசுகிறீர்கள், அது இன்றைக்கு நாலு மணியோடு முடிந்துவிடும், நீங்கள் கவலைப்படாதீர்கள் மேடம் என்றான்.

நான் சஜின் என்கிற பெயரையே எடுக்கவில்லை.

“குரல் இவனுக்க குரல் இல்ல. ஆனா இவன் நெஞ்சுல ஏதோ கெடந்து உறுத்துது,” என்றார் தாணு சார். பிறகு பெமிலாவிடம், “நீங்க பஸ்ஸைப் பிடிங்க. நாலு மணிக்கு அங்க வாறோம். அதுவரைக்கும் பேனாவத் தொடாதீங்க,” என்றார்.

அவள் எழுந்தாள். வாசல்வரை போய்த் திரும்பி, நிறுத்தியிருந்த மின்விசிறியைப் போட்டுவிட்டுப் போனாள்.

“எனக்கு இவ மேலதான் சந்தேகம்,” என்றேன்.

“எனக்கும் உண்டு,” என்றார் தாணு சார். “வண்டிய எடு. திற்பரப்புக்குப் போவணும்.”

“குளிக்கவா?”

“பஜ்ஜி திங்க.”

திற்பரப்பு அருவிக்குப் போகிற வழியில், துண்டும் பனியனும் விற்கிற கடைகள் முடிகிற இடத்தில் ஒரு பஜ்ஜிக் கடை உண்டு. எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்பவர் பத்மகுமார். மஸ்கட்டில் ஒரு பெரிய வீட்டில் கார் ஓட்டியவர். அதே வீட்டில் சமையலுக்கு இருந்த யூலியைக் கல்யாணம் பண்ணிக் கூட்டிவந்துவிட்டார். யூலிக்குச் சொந்த ஊர் ஜாவா. பதினாலு வருஷமாகத் திற்பரப்புக்காரி. தாணு சாருக்குப் பழைய பழக்கம். நான் முதல் தடவையாகப் பார்க்கிறேன்.

“எங்க ஊர்லயும் ஏத்தம்பழத்த மாவுல முக்கிப் பொரிப்போம். உங்க ஊர்ல மாவு ஜாஸ்தி, பழம் கம்மி,” என்று சொல்லிக்கொண்டே என் கையில் ஒரு பஜ்ஜியைத் திணித்தாள் யூலி. ‘பழம்’ அவள் வாயில் ‘பலம்’ என்றுதான் வந்தது.

கடைக்குப் பின்னால், அருவி இரைச்சல் குறைவாகக் கேட்கிற சமையல் கொட்டகையில் உட்கார்ந்தோம். பெமிலா அனுப்பியிருந்த பதிவுகளைத் தாணு சார் தன் போனில் போட்டு, இயர்போனை யூலியிடம் கொடுத்தார். விஷயம் எதுவும் சொல்லவில்லை. ஆள் எப்படி என்று மட்டும் கேட்டார்.

முதல் வார்த்தையிலேயே யூலி சிரித்துவிட்டாள்.

“மிஸ்டர்ங்கான். எங்க ஊர்ல வெளிநாட்டு ஆளப் பாத்தா எல்லாருமே மிஸ்டர்தான். பொம்பளையானாலும் மிஸ்டர். நானும் மஸ்கட்ல மொதலாளியம்மாவ மிஸ்டர்னு கூப்ட்டு ஏச்சு வாங்கிருக்கேன்.”

“அப்போ உங்க ஊர்க்காரன்தானா?” என்றேன்.

“இரு மக்கா.”

கேட்கக் கேட்க அவள் சிரிப்பு போய்விட்டது. ஐந்தாவதில் நெற்றி சுருங்கியது. ஏழையும் கேட்டு முடித்து, திரும்பவும் முதலில் இருந்து கேட்டாள். வெளியே பத்மகுமார் நாலு டீ என்று குரல் கொடுத்ததற்கு, பேசாதே என்று உள்ளே இருந்தபடியே கையைக் காட்டினாள்.

“கேப்டன்னு சொன்னானா? கேப்டன் இல்ல,” என்றாள். “கேப்டன்னா பரீட்சை எழுதணும். எல்லா நாட்டுக் கப்பல்கிட்டயும் ரேடியோல இங்கிலீஸ் பேசணும். எங்க அண்ணன் மகன் கப்பல்ல ஆபீசரு. வீட்ல கண்ணாடி முன்னால நின்னு ஃப ஃப ஃபனு பழகுவான். அவன் இப்படிப் பேச மாட்டான். இது கூலி வேலைக்காரங்க பேச்சு.”

“கூலிக்காரன் கேப்டன் வேஷம் போடுகானா?”

“அதுவும் இல்ல. இவன் காப்தென், காப்தென்னு வந்தான் பாத்தியா? நாங்க அப்படித்தான் சொல்லுவோம். த-வுக்கு நாக்கு பல்லுல தொடும். கடைசி மெசேஜ்ல அவசரம். கேப்டன்னுட்டான். ட. நாக்கு மேல மடங்கிட்டு. எங்க ஊர்ல நாக்க மடக்க மாட்டோம். நான் பதினாலு வருஸமா மடக்கப் பாக்கேன், வரல்ல. கேளு இவர.”

பத்மகுமார் எட்டிப் பார்த்து, “வராது,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

“அப்போ நாக்கு நம்ம நாக்கு. பேச்சு அந்த ஊர்ப் பேச்சு,” என்றார் தாணு சார். “கப்பல்ல கூட இருந்து படிச்சிருப்பானா?”

யூலி அடுப்புப் பக்கம் திரும்பினாள். சட்டியில் கரைத்து வைத்திருந்த மாவைக் கரண்டியால் கிண்டினாள்.

“கப்பல்ல படிச்சது இல்ல சார். ஸோரி யா, டோன் க்ரை யாங்கான். அந்த யாவ இழுக்குற விதம் இருக்கே. கப்பல்ல ஆம்பளைங்க யாருகிட்ட போய் அப்படிக் கொஞ்சுவாங்க? பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது, புருசன் கோவமா இருக்கும்போது நாங்க அப்படிச் சொல்லுவோம். இது வீட்ல படிச்சது. ஒரு பொம்பளைகிட்ட, ரொம்ப நாளா.”

நான் பஜ்ஜியை மெல்லுவதை நிறுத்தினேன். தாணு சார் இரண்டு உள்ளங்கைகளையும் முகத்தில் வைத்துத் தேய்த்தார். ஏதோ அவருக்கே பிடிக்காத ஒன்று தெரிகிறபோது அப்படிச் செய்வார்.

“ஒண்ணு கேக்கட்டா?” என்றாள் யூலி. “ஆறாவதுல மணி அடிக்காதன்னு சொல்லுகானே. அது எந்த மணி?”

“சாவு மணி,” என்றேன். “சபைல யாராவது செத்துப்போனா கோயில் மணிய ஒண்ணொண்ணா, விட்டு விட்டு அடிப்பாவ. வயல்ல நிக்க ஆளுககூட நிமிந்து பாத்து, யாருக்குன்னு கேக்கும். எங்க ஊர்ல எல்லாம் உண்டு.”

“உங்க ஊர்ல உண்டு. இவன் இன்ஸா அல்லா சொல்லுகான். பள்ளிவாசல்ல மணி ஏது? எங்க ஜாவாவுல எங்க ஆளுங்க செத்தா மணி அடிக்க மாட்டாங்க. இவனுக்கு எப்படித் தெரியும்?”

தாணு சார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

“நான் அது அவங்க நாட்டு வழக்கம்னு நெனச்சேன்,” என்றார் அவர். “கோயில் மணின்னா எனக்குத் தெரிஞ்சது பூசை மணி. சாவுக்கு அடிக்கிறது எனக்குத் தெரியாது. நீ ஏன் சொல்லல?”

“எனக்கு அதுல வித்தியாசமாவே ஒண்ணும் படல்ல சார். சாவுன்னா மணி. சின்ன வயசுல இருந்து கேக்கது. அடிக்காதன்னு சொல்லுகான், சரி, ஏதோ சொல்லுகான்னு விட்டுட்டேன்.”

அவருக்குத் தெரியாததால் விட்டார். எனக்கு நன்றாகத் தெரிந்ததால் விட்டேன். இப்படி இரண்டு பேர் நடத்துகிற துப்பறியும் நிலையத்துக்கு மக்கள் நம்பி வருகிறார்கள் என்பதை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

“வண்டிய எடு. மூணே கால் ஆச்சு,” என்றார்.

திருவட்டாறுக்கு வண்டியை விட்டேன். நான்தான் பேசிக்கொண்டே வந்தேன். அந்த ஏஜென்ட்டும் பெமிலாவின் சபைதான், அவனுக்கு மணி தெரியும், அவன் எழுதிக் கொடுக்க இந்தோனேசியாவிலிருந்து திரும்பிவந்த எவனோ பேசியிருக்கிறான் என்றேன். அவர் பின்சீட்டில் இருந்தபடி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“ஏஜென்ட்டுக்கு மணி அடிச்சா நல்லதா, அடிக்காம இருந்தா நல்லதா?”

யோசித்தேன். மணி அடித்துவிட்டால் ஊரே சஜின் செத்ததை ஏற்றுக்கொள்ளும். பெமிலா கையெழுத்துப் போடத் தயங்க மாட்டாள். ஏஜென்ட்டாக இருந்தால் மணியை அவனே போய் அடித்திருப்பான். அதற்கு மேல் யோசிப்பதற்குள் கோயில் தெரு வந்துவிட்டது.

தேவகுமாரின் அலுவலகம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. ஐம்பது வயது, நல்ல வெள்ளைச் சட்டை, சுவரெல்லாம் கப்பல் படங்கள். பெமிலா ஏற்கெனவே வந்து அவன் எதிரில் உட்கார்ந்திருந்தாள். காகிதம் நடுவில் கிடந்தது. எங்களைப் பார்த்ததும் அவன் எழுந்தான்.

“இவிய யாரு மக்களே? குடும்ப விஷயம் பேசுகோம்.”

“நான் வரச் சொன்னவிய,” என்றாள் பெமிலா.

“உக்காருங்க தேவகுமார்,” என்றார் தாணு சார். “சஜின் எந்தக் கம்பெனிக் கப்பல்ல இருந்து விழுந்தான்?”

தேவகுமார் ஒரு பெயரைச் சொன்னான். அந்தக் கம்பெனிக்கு இப்போதே போன் போடலாமா என்று தாணு சார் கேட்டதும், வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

“அது வந்து... அந்தக் கம்பெனிய விட்டு அவன் நாலு மாசத்துக்கு முந்தியே போயிட்டான். வேற கப்பல்ல ஏறிட்டேன்னு சொன்னான். எந்தக் கப்பல்னு சொல்லல்ல. எனக்கு இந்த ஹெண்ட்ரா நம்பர் மட்டும்தான் தெரியும்.”

“வீட்ல ஏன் சொல்லல?”

“நான் அனுப்பின பையன். எங்க இருக்கான்னே எனக்குத் தெரியல்லன்னு எப்பிடிச் சொல்லுகது? தூதரகம், போலீசுன்னு போனா மொதல்ல எனக்க லைசென்ஸதான் கேப்பாவ. இந்தப் பேப்பரு வந்தப்போ, ஆண்டவரே நல்ல வழி காட்டினாருன்னு நெனச்சேன்.” அவன் பெமிலாவைப் பார்க்காமல் சொன்னான். “தப்புதான். ஆனா அந்தக் கேப்டன் யாருன்னு சத்தியமா எனக்குத் தெரியாது.”

எனக்கு அவனைப் பிடிக்கவே இல்லை. ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தை நம்பினேன். பயந்த ஆள் பொய் சொன்னால் இன்னும் நன்றாகச் சொல்லியிருப்பான்.

“எனக்குத் தெரியும்,” என்றார் தாணு சார்.

பெமிலாவின் கை மேஜை விளிம்பைப் பிடித்தது.

“கேப்டன் இல்ல. இந்தோனேசியாக்காரனும் இல்ல. ஆனா அந்த ஊர்ல வருஷக்கணக்கா இருந்தவன். அந்த ஊர்ப் பேச்ச ஒரு வீட்டுக்குள்ள இருந்து படிச்சவன். நாக்கு மட்டும் நம்ம நாக்கு. அவனுக்குக் கையெழுத்து எதுக்கு? தூதரகம் தேடினா அவன் அகப்பட்டுருவான். அதனால யாரும் தேடக்கூடாது.” அவர் கொஞ்சம் நிறுத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இவ்வளவும் துணிஞ்சு செஞ்சவன் ஒரே இடத்துல பயந்துட்டான். மணி அடிக்காதேன்னுட்டான். சாவு மணி தெரிஞ்ச சபைல பொறந்தவன். வேற எவனுக்கும் அந்த மணிய நிறுத்த வேண்டிய தேவை இல்ல. உயிரோட இருக்கும்போதே தனக்கு அந்த மணி விழுகத ஒரே ஒரு ஆளாலதான் தாங்க முடியாது.”

“பேரச் சொல்லுங்க சார்,” என்றாள் பெமிலா.

“அம்மா, நீங்க...”

“பேரச் சொல்லுங்க.”

“சஜின். உங்க வீட்டுக்காரர்.”

தேவகுமார் நாற்காலியில் சாய்ந்தான். நான் பெமிலாவின் பக்கம் போய் நின்றேன். மயங்கி விழுந்தால் பிடிக்கலாம் என்றுதான். அவள் விழவில்லை. ஒன்பது நாளாகத் தலையில் சுமந்த கட்டை இறக்கி வைத்தவள்போல நீளமாக ஒரு மூச்சு விட்டாள். அதற்கப்புறம்தான் கண்ணில் தண்ணீர் வந்தது.

“எனக்கு மொத மெசேஜ்லயே தெரியும்,” என்றாள்.

“எப்பிடி?” என்றேன்.

“பதினோரு வருஷம் பெண்டாட்டியா இருந்தவளுக்கு மூச்சு விடுகத வச்சே தெரியாதா? எந்த ஊர் இங்கிலீஷ்ல பேசினா என்ன? அன்னைக்கே எங்க அத்தைகிட்ட சொன்னேன், இது உங்க மகனுக்க சத்தம்னு. உனக்குப் புத்தி பெரண்டு போச்சு, புருஷன் செத்தத ஏத்துக்கிட முடியல்ல, சபை ஐயர வரச்சொல்லி ஜெபம் பண்ணணும்னாவ. ஐயரும் வந்து தலைல கை வச்சு ஜெபம் பண்ணிட்டுப் போனாரு. அதுக்குப் பெறகு எனக்கே சந்தேகம் வந்துட்டு. நான்தான் பைத்தியமா ஆயிட்டேனான்னு. எனக்க வாயில இருந்து வராம, வேற ஒரு ஆளு வாயில இருந்து அந்தப் பேரு வரணும். அதான் உங்ககிட்ட பேரச் சொல்லாம குடுத்தேன்.”

காலையிலிருந்து இவள்மேல் நான் சுமத்திய சந்தேகங்களை எல்லாம் நினைத்துப் பார்த்தேன். அழாமல் இருந்தது, சத்தம் யாருடையது என்று மட்டும் கேட்டது, மூச்சைப் பிடித்தது, எல்லாம் இதற்குத்தான். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் அவள் போனை எடுத்துவிட்டாள். பதிவு பொத்தானை அழுத்திப் பேசினாள். குரல் நடுங்கவில்லை.

“சஜினே, நான் பெமிலா பேசுகேன். தேவகுமார் அண்ணன் கூட இருக்காவ. இன்னும் ரெண்டு பேரு இருக்காவ. எல்லாருக்கும் தெரிஞ்சாச்சு. கேப்டன் போட்டும். நீ பேசு.”

கேப்டனின் எண்ணுக்கு அனுப்பினாள். போனை மேஜை நடுவில், அந்தக் காகிதத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். திரையில் இரண்டு டிக்கும் நீலமாயின. கேட்டுவிட்டான். எதிர்முனையில் பேசிப் பதிகிறான் என்று திரை காட்டியது. நின்றது. திரும்பக் காட்டியது. நின்றது. கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தேவகுமார் உதட்டுக்குள் ஜெபம் பண்ணினான். தனக்காகவா சஜினுக்காகவா என்று தெரியவில்லை.

நாலே கால் மணிக்குப் பதில் வந்தது. ஐந்து விநாடி. பெமிலா எல்லோருக்கும் கேட்கும்படி போட்டாள்.

எஞ்சின் இரைச்சல் இல்லை. கரகரப்பு இல்லை. பின்னால் ஒரு சின்னக் குழந்தை எதையோ கேட்டு அழுதுகொண்டிருந்தது. சுத்தமான திருவட்டாறுத் தமிழில் ஓர் இளைத்த குரல் கேட்டது.

“பெமி... அம்மைக்குத் தெரியுமா?”

அவ்வளவுதான். பெமிலா அதை இன்னொரு தடவை போடவில்லை. ஒன்பது நாள் அவளைக் கொன்றுவிட்டு, வாய் திறந்ததும் அவன் கேட்டது அவளைப் பற்றி இல்லை. அந்த நேரத்தில் அவன் என் முன்னால் நின்றிருந்தால், எண்ணெய்ச் சட்டிக்கு வைக்கிற கரண்டியைத் தேடியிருப்பேன்.

பெமிலா தேவகுமாரின் சட்டைப் பையிலிருந்து பேனாவை அவளாகவே உருவினாள்.

“மக்களே, இனி கையெழுத்து வேண்டாம். நான் கிழிச்சுப் போட்டுருகேன்,” என்று அவன் காகிதத்தை இழுத்தான்.

“விடுங்க அண்ணே.”

கடலில் விழுந்து காணாமல் போனதை ஏற்கிறேன் என்கிற முதல் வரியைக் குறுக்கே அடித்தாள். பிள்ளைகளின் நோட்டில் தப்பான விடையை அடிக்கிற அதே நிதானத்தோடு ஒரே கோடு. இனி அவரைத் தேட வேண்டியதில்லை என்கிற இரண்டாவது வரியை ஒருமுறை வாசித்தாள். அதன் கீழே கையெழுத்துப் போட்டாள்.

“இப்பிடிப் போட்டா செல்லாதே பெமிலா,” என்றான் தேவகுமார்.

“எனக்குச் செல்லும்,” என்று எழுந்தாள் அவள். “கேப்டனுக்கு அனுப்பிக் குடுங்க.”